அட்டைச் சவுக்காரம்

சின்னராசாவின் தாடியில் காலையில் குடித்த கஞ்சி காய்ந்துகொண்டிருந்தது. காலைக் கஞ்சி மட்டும் என்றால் துடைத்துவிடலாம். அதற்கடியில் நேற்றைய சோற்றுப் பருக்கை, அதற்கும் அடியில் இடித்துக் கொடுத்த வெற்றிலையின் சாறு, எல்லாவற்றுக்கும் அடியில் ஓயாமல் வடிகிற எச்சில் என்று படிந்து படிந்து, மயிரெல்லாம் கயிறாகத் திரிந்துபோயிருந்தது. பக்கத்தில் போனால் புளித்த வாடை அடிக்கும். சண்முகவடிவுக்கு வாடை மூக்கில் ஏறுவதற்கு முன்பே வயிறு குமட்டத் தொடங்கிவிடும். கட்டிய புருஷனைப் பார்த்துக் குமட்டுகிறதே என்று முதலில் வெட்கப்பட்டாள். பிறகு வெட்கப்படவும் நேரமில்லாமல் போய்விட்டது.

சித்திரை வருஷம் பிறந்த கையோடு ஒரு நாள், தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் குளிக்கப் போன மனுஷன் சவுக்காரமும் கையுமாகச் சரிந்தார். வலது கை, வலது கால், வலது கன்னம் மூன்றும் ஒரே அடியாகச் செத்துப்போயின. வாயும் போனது. வாய் போனதைத்தான் லயத்து வரிசை வீடுகளில் ஒருவராலும் நம்ப முடியவில்லை. வட்டவளைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் சின்னராசா கங்காணி காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் நின்று ஒரு அதட்டல் போட்டால், கடைசி லயத்தில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருவான். வீட்டிலும் அதே சத்தம்தான். தேத்தண்ணி ஆறியிருந்தால் ஒரு சத்தம், சுட்டால் ஒரு சத்தம். அப்படிப்பட்ட வாயிலிருந்து இப்போது 'ங்ஙா, ங்ஙா' என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

"பேச்சு திரும்பி வரலாம், தினமும் பேசிப் பழக்குங்க" என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். சண்முகவடிவு கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து இறங்கி வந்து, கூடையை இறக்கி வைத்து, ஈரச் சேலையோடேயே அவர் முன்னால் குந்தி உட்காருவாள். "அம்மான்னு சொல்லுங்க. எங்க, தண்ணின்னு சொல்லுங்க. தண்… ணி." அவர் கண் கலங்க அவளைப் பார்த்து 'ங்ஙா' என்பார். எச்சில் நூலாக இறங்கி மார்பில் விழும். அதைத் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போவாள்.

அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும் என்றிருந்தாள். அடுத்த காம்பராவில் இருக்கிற சர்மிளா கைக்குழந்தைக்காரி, பகலெல்லாம் வீட்டில்தான் இருக்கிறாள். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து 'தண்ணி' என்று கூப்பிட்டால் ஓடி வந்துவிடுவாள். கூப்பிட வாயில்லாத ஆளைத்தான் தனியாக விட்டுவிட்டு மலைக்குப் போக முடியவில்லை. பாதி நாள் வேலை உடைந்துபோனது. மிச்சப் பாதியும் சர்மிளா பாவம் பார்த்து எட்டி எட்டிப் பார்த்ததில் ஓடியது.

இதெல்லாம் கண்டியில் தாதிப் பயிற்சியில் இருக்கிற மகள் பிரேமினிக்குத் தெரிந்துபோனதுதான் வினையாயிற்று. அந்த லயத்திலிருந்து அப்படியொரு படிப்புக்குப் போன முதல் பிள்ளை அவள். போகும்போது அப்பன் ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல. "பொம்பளப் புள்ளைய ஊரான் பீ மூத்திரம் அள்ளவா அனுப்புறே? நல்லா இருக்குடி ஒன் ரோசம்!" என்று வாசல் இஸ்தோப்பில் நின்று எட்டு வீடு கேட்கக் கத்தினார். கல்யாணம் கட்டியதிலிருந்து சண்முகவடிவு அவரை எதிர்த்து நின்றது அன்றைக்கு ஒரு நாள்தான். பெட்டியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு மகளை பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். அன்று ராத்திரி வாங்கிய அடியின் தழும்பு புருவத்துக்கு மேலே இன்னும் இருக்கிறது.

இப்போது அந்தப் பிள்ளை போனில் அப்பனின் தாடியையும் எச்சிலையும் பார்த்துப் பார்த்து அழுது, படிப்பை விட்டுவிடுவதென்று முடிவு கட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டது. இன்றைக்குச் சனி.

"நீங்க மலைக்குப் போனா அப்பாவ யாரும்மா பாக்குறது? சொல்லுங்க" என்று மகள் கேட்டாள். சண்முகவடிவு போனை வைத்துவிட்டு அடுப்பை ஊதினாள். புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தாடி விஷயம் வேறு. எச்சில் வழிகிற வலது பக்கம் தாடிக்குள்ளே புண் வைத்துவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் சிங்கள மிஸ்ஸி மூக்கைப் பொத்திக்கொண்டு, "அனே, பவ்!" என்று பரிதாபப்பட்டுவிட்டு, தாடியை வழிக்காமல் மருந்து பூசிப் பிரயோசனமில்லை என்று ஒரு களிம்பைக் கொடுத்தனுப்பினாள். கினிகத்தேனையில் சலூன் வைத்திருக்கிற நிரஞ்சன் ஒரு நாள் மெனக்கெட்டு மேலே ஏறி வந்தான். கங்காணி அவன் விரலைக் கடித்துவிட்டார். கடையில் வாங்கிய சவரப் பிளேடு ஒரே இழுப்பில் அடைத்துக்கொண்டது. மிச்சமிருந்தது பெட்டிக்குள் துணி சுற்றி வைத்திருந்த அவருடைய சவரக்கத்திதான்.

அந்தக் கத்தி மேல் சின்னராசாவுக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்தோப்பில் நாற்காலி போட்டு, இடுப்பு வாரில் அதைத் தீட்டி, போகிற வருகிற ஆளோடு வம்பளந்துகொண்டே மழமழவென்று வழிப்பார். பொம்பளைக் கை பட்டால் கூர் மழுங்கிவிடும் என்று அதைத் துடைத்து வைக்கக்கூட அவளை விடமாட்டார். ஆகவே சண்முகவடிவு அதைத் திறந்து பார்த்ததே அந்தச் சனிக்கிழமைதான்.

ஆடி மழை இரண்டு நாளாக விடவில்லை. இஸ்தோப்புக்கு முன்னால் மலையும் இல்லை, ரோட்டும் இல்லை, வெறும் மூட்டம். கணக்கப்பிள்ளையிடம் சொல்லி அரை நாள் லீவு எடுத்திருந்தாள். சர்மிளாவும் அவளுமாகச் சேர்ந்து மனுஷனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, சரிந்து விழாமலிருக்கப் பழைய சேலையால் மார்போடும் கையோடும் சேர்த்துக் கட்டினார்கள். அவர் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டி 'ங்ஙா ங்ஙா' என்று முரண்டு பிடித்தார்.

"சும்மா இருங்கண்ணே. அக்கா அழகா வழிச்சு மாப்புள மாதிரி ஆக்கிருவாங்க" என்றாள் சர்மிளா.

"மாப்புளைக்கு வந்த கேடு" என்றபடி சண்முகவடிவு துவாய்த் துண்டொன்றை மூக்கோடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "இல்லாட்டி என்னால முடியாதுடி. கொடலப் பொரட்டுது."

முதலில் கத்தரிக்கோல். திரிதிரியாகத் தாடி பேப்பரில் விழுந்தது. ஒரு திரிக்குள் ஊறி உப்பிய சோற்றுப் பருக்கை ஒன்று வெள்ளைப் புழுவைப் போலக் கிடந்தது. இன்னொன்றில் நிஜமாகவே பேன் ஊர்ந்தது. சண்முகவடிவு கண்ணை மூடித் திறந்தாள். மலையில் அட்டை கடித்து ரத்தம் ஓடுகிற காலோடு ரொட்டி தின்கிறவள் அவள், லேசில் அருவருக்கிற ஜாதி இல்லை. ஆனாலும் இது அவளுக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

"சவுக்கார டின்ன எடுடி. அந்தத் தாவாரத்துல இருக்கு பாரு."

தாவாரத்தில் பால்மா டின்கள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று சின்னராசாவின் சவரத்துக்கென்று கரைத்து வைக்கிற நல்ல சவுக்காரம். மற்றது கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலில் பூசிக்கொள்கிற அட்டைச் சவுக்காரம். துணி வெளுக்கிற சவுக்காரத் துண்டுகளோடு கல்லுப்பும் புகையிலைத் தூளும் ஊறவைத்தது. பூசினால் அட்டை கிட்டே வராது. மழைக்காலத்தில் அது இல்லாத வீடு லயத்தில் கிடையாது. உள்ளே குழந்தை சிணுங்குகிற அவசரத்தில் சர்மிளா கைக்கு வந்த டின்னை எடுத்து நீட்டினாள். மூக்கைக் கட்டியிருந்தவளுக்குப் புகையிலை வாடை எப்படித் தெரியும்? சண்முகவடிவு சுடுதண்ணியை ஊற்றிச் சவரக் குச்சத்தால் கலக்கி, நுரை சரியாக எழும்பவில்லையே என்று மட்டும் நினைத்தாள்.

வலது கன்னத்திலிருந்து தொடங்கினாள். உணர்ச்சியில்லாத பக்கம், கை பழகட்டும் என்ற எண்ணம். கத்தியைக் கொழுந்து கிள்ளுவதுபோலக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, நட்டுக்குத்தலாக வைத்து இழுத்தாள். கரகரவென்று சுரண்டியது, ஒரு மயிர்கூடப் போகவில்லை. சாய்த்து வைத்தாள். அது சறுக்கிக்கொண்டு காதடிக்குப் போய்விட்டது. தளர்ந்த கன்னத்துத் தோல் கத்தி போகிற பக்கமெல்லாம் கூடவே போனது.

"தோலையும் சேத்துக் கொழுந்து பறிச்சிறாதீங்கக்கா."

"சிரிக்காதடி. கத்தி சறுக்குது."

இடது கைக் கட்டைவிரலால் கன்னத்தை மேலே இழுத்துப் பிடித்தாள். ஈரமாக, சில்லென்று, பிசுபிசுப்பாக இருந்தது. இப்போது கத்தி பிடித்தது. சரக்கென்று ஒரு சத்தம், அதோடு ஒரு கோடு வெறும் தோல் வந்தது. அடடே என்று அவளுக்கே ஒரு கணம் ஆச்சரியம். கத்தியில் திரண்ட நுரையும் மயிரும் அழுக்கும் சேர்ந்த சாம்பல் நிறச் சேற்றைப் பேப்பரில் வழித்துவிட்டு மறுபடி வைத்தாள். கடைவாய்க்குக் கிட்டே போகும்போது கட்டைவிரல் வழுக்கி வாய்க்குள் போய்விட்டது. வெதுவெதுவென்று நாக்கு பட்டது. சட்டென்று இழுத்துச் சேலையில் துடைத்தாள், துடைத்த இடத்தை மடித்து மறைத்தாள்.

இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவள் இப்படித் தொட்டதில்லை. அவர் கைதான் அவள் முகத்துக்கு வந்திருக்கிறது, அவள் கை அவர் முகத்துக்குப் போனதில்லை. தாடைக்குக் கீழே புண் தெரிந்தது. தோல் வெளுத்து ஊறி, நடுவில் சிவந்து, ஓரத்தில் மஞ்சளாக நீர் கட்டியிருந்தது. அதைச் சுற்றிக் கத்தியின் நுனியால் மெல்ல மெல்ல ஒதுக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்ததில் தாடை வலித்தது. வலது பக்கம் முடிந்தபோது முதுகெல்லாம் வேர்த்திருந்தது.

"பரவால்லியேக்கா! நிரஞ்சனுக்கு வேல போச்சு" என்றாள் சர்மிளா, கேத்தலில் புதுச் சுடுதண்ணி கொண்டுவந்து.

இடது பக்கம் உயிருள்ள பக்கம். நுரையை அப்பியதுமே சின்னராசா முகத்தைச் சுளித்து முனகினார். எப்போதும் உள்ள முரண்டுதான் என்று சண்முகவடிவு தலையை இறுக்கிப் பிடித்தாள். கை கொஞ்சம் பழகிவிட்ட துணிச்சல் வேறு. மோவாய்க் குழியில் கத்தியைத் திருப்பினாள். அவர் தலையை வெட்டி இழுத்தார். வெட்டு விழுந்தது. ரத்தம் குபுக்கென்று வந்து, உப்பும் புகையிலையும் கலந்த நுரைக்குள் சிவப்பாகப் பரவியது.

"அடியே! என்னத்தடி பூசினே? எரியுதுடி மூதேவி! கண்ணு பொட்டையாடி ஒனக்கு?"

லயமே கேட்டிருக்கும். உள்ளே குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது. ஒரு எழுத்துப் பிசகில்லை, ஒரு குழறல் இல்லை. பெரட்டுக்களத்துச் சத்தம்.

சண்முகவடிவு திரும்பி ரோட்டைப் பார்த்தாள். யாராவது வந்திருக்கிறார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. மூட்டத்தில் ஒருவரும் இல்லை.

"சர்மிளா, யாருடி பேசுனது?"

கேத்தலைக் கீழே வைத்த சர்மிளா வாயைப் பொத்திக்கொண்டு கண்ணால் நாற்காலியைக் காட்டினாள்.

சண்முகவடிவு மூக்குத் துண்டை இறக்கினாள். புகையிலை வாடை அடித்தது. டின்னைப் பார்த்தாள், தாவாரத்தில் தனியாக நின்ற மற்ற டின்னையும் பார்த்தாள். தான் செய்த தப்பு விளங்கியது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அதுவும் விளங்கியது.

"பேச வருதா ஒங்களுக்கு?"

"ங்ஙா."

"இப்ப 'ங்ஙா'வா? மூதேவின்னு அவ்வளவு தெளிவாச் சொன்ன வாய்க்கு இப்ப 'ங்ஙா'வா?"

அவர் பார்வை அவள் கையில் இருந்த கத்திக்குப் போனது. சர்மிளாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, கத்திய இங்க குடுங்கக்கா" என்று மெல்லக் கையை நீட்டினாள்.

"சும்மா இருடி. இவருக்காக நா ஜெயிலுக்குப் போறதா? அந்தளவுக்கு இவரு பெறுமதி இல்ல." கத்தியை மடக்கினாள். "எப்பலருந்து?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எப்பலருந்துன்னு கேக்குறேன்."

"வெசாக் நேரம்" என்றார் சின்னராசா. குரல் இறங்கியிருந்தது. "கொஞ்சங் கொஞ்சமா வந்துச்சு."

வைகாசியில் வெசாக்குக்கு வட்டவளை ரோட்டில் வெளிச்சக்கூடு கட்டித் தொங்கவிட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் எத்தனை சாயந்தரம் ஈரச் சேலையோடு குந்தி உட்கார்ந்து 'தண்ணி சொல்லுங்க, அம்மா சொல்லுங்க' என்று கெஞ்சியிருக்கிறாள். அவர் கண் கலங்கப் பார்த்தாரே, அந்தப் பார்வையும் ஞாபகம் வந்தது. பேச்சு வந்தும் படுக்கையிலேயே மலம் போய்விட்டு, அவள் வந்து அள்ளும்வரை அதிலேயே படுத்திருந்திருக்கிறார்.

"ஏன்?" என்றாள். "ஒரு வார்த்த தண்ணின்னு கூப்புட்டிருந்தா நா நிம்மதியா மலைக்குப் போயிருப்பேனே. ஏன் பேசல?"

"பேசுனா நீ மலைக்குப் போயிருவே. மகளும் அங்கனயே கெடந்துருவா." மோவாயில் ரத்தம் வடிய வடிய, பேசப் பேச அவருக்குப் பழைய சுருதி ஏறியது. "என்னைய மிஞ்சித்தானே அனுப்புனே? இப்ப வர்றாள்ல! வரட்டும். ஊரான் பீய அள்ளுறதுக்குப் பெத்த அப்பன் பீய அள்ளட்டும்."

சண்முகவடிவு இஸ்தோப்பின் ஓரத்துக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு தண்ணி ஓடுகிற கானுக்கு மேல் குனிந்தாள். காலையில் தின்ற ரொட்டியும் சம்பலும் அப்படியே வெளியே வந்தன. இத்தனை நாள் மலம் அள்ளியும், எச்சில் துடைத்தும், புண்ணைக் கழுவியும் வராத வாந்தி, அப்போதுதான் வந்தது. சர்மிளா ஓடிவந்து நெற்றியைப் பிடித்தாள்.

"போதும்டி, வுடு." மழைத்தண்ணியை உள்ளங்கையில் ஏந்தி வாய் கொப்பளித்தாள். "ஒன் போனக் குடு. பிரேமினிக்கு வீடியோவுல போடு."

மகள் விடுதி அறையிலிருந்து எடுத்தாள். பின்னால் கட்டிலின் மேல் பெட்டி திறந்து கிடந்தது, பாதி உடுப்பு மடித்து அடுக்கியாகிவிட்டது. சண்முகவடிவு போனை நாற்காலிக்கு நேரே பிடித்தாள்.

"பிரேமினி, ஒங்கப்பா பேசுறாரு. கேளு. பேசுங்க, மக கேக்குறா."

சின்னராசா போனைப் பார்த்தார். சண்முகவடிவு பார்க்கப் பார்க்கவே கண்ணில் தண்ணீரைக் கொண்டுவந்தார். வாயைக் கோணலாக்கி, எச்சிலை மெல்ல முன்னுக்குத் தள்ளி, கடைவாயால் ஒழுகவிட்டு, "ங்ஙா… ங்ங்ஙா" என்றார். எச்சில் தானாக வழிகிறது என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாளே, அது தள்ளிவிடப்படுவதை அவள் பக்கத்திலிருந்து பார்த்தாள்.

"ஐயோ, அப்பா! ரத்தம் வருதும்மா! என்னம்மா செஞ்சீங்க?"

"நடிக்கிறாருடி. இப்பத்தான் பேசுனாரு. வெசாக்லருந்து பேச்சு இருக்காம்."

பிரேமினி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். பிறகு அழுதாள். "நா வரக்கூடாதுன்னு இப்புடிப் பொய் சொல்றீங்களாம்மா? அப்பாவப் போயி… ஒங்களுக்கு எப்புடிம்மா மனசு வந்துச்சு? நா நாளைக்கு வர்றேன். முடிவு பண்ணியாச்சு."

"நெசந்தான் பிரேமினி, நானும் கேட்டேன்" என்று சர்மிளா சொன்னதையும் மகள் காதில் வாங்கவில்லை. சின்னராசா அழுகைக்கு நடுவே மனைவியை ஒரு பார்வை பார்த்தார். ஜெயித்தவனின் பார்வை அது, அவளுக்கு நன்றாகப் பழக்கம்.

சண்முகவடிவு போனைச் சர்மிளாவின் கையில் கொடுத்து நேரே பிடிக்கச் சொன்னாள். அட்டைச் சவுக்கார டின்னைக் கையில் எடுத்தாள். அடியில் கரையாமல் கிடந்த உப்பும் புகையிலையுமாக விரலால் வழித்து எடுத்தாள். சின்னராசாவின் கண் அந்த விரலோடேயே வந்தது. தலையைப் பின்னுக்கு இழுத்தார், சேலைக்கட்டு விடவில்லை. அவள் அவசரப்படாமல் மோவாய் வெட்டில் வைத்துத் தேய்த்தாள்.

"வேணாண்டி! எடுறி கைய! ஐயோ, சண்டாளி, கட்டவுத்து வுடுறி, ஒன்னைய என்ன செய்யிறேன்னு பாரு!"

கூச்சல் போட்டு முடித்துவிட்டு மூச்சு வாங்கினார். அப்புறம்தான் போன் ஞாபகம் வந்தது போலிருக்கிறது. வாயை மூடிக்கொண்டார்.

"அம்மா" என்றாள் பிரேமினி. அழுகை நின்றிருந்தது. "அப்பாவா அது?"

"அவருதான்."

"அப்பா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பா, எங்க வார்டுல ஒரு பெரியவரு இருக்காரு. அவருக்கு நெசமாவே வாய் வராது. தெனமும் என் கையப் புடிச்சுக்கிட்டு 'தண்ணி' சொல்லப் பாக்குறாரு." மடித்த உடுப்பொன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிலில் போட்டாள். "நா நாளைக்கு வரல. அம்மா, நீங்க சாப்புட்டீங்களா? சாப்புடுங்க."

போன் அணைந்தது. சர்மிளா குழந்தையைத் தூக்கப் போனாள். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சண்முகவடிவு மனுஷனின் முகத்தை நல்ல தண்ணியில் கழுவினாள். வலது பக்கத்துப் புண்ணில் மிஸ்ஸி கொடுத்த களிம்பைப் பூசினாள். வெட்டில் துணியை வைத்து ரத்தத்தை நிறுத்தினாள். சேலைக்கட்டை அவிழ்த்தாள். கத்தியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். பீலியடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடி கழுவினாள். அப்போதும் போகவில்லை, வேலைக்கு நேரமாகிறதென்று வந்துவிட்டாள்.

இஸ்தோப்பில் சின்னராசா அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மொழுமொழுவென்று வெளுத்திருந்தது, மறு பக்கம் கத்தரித்த தாடி குச்சி குச்சியாக நின்றது. அந்தியில் மலையிலிருந்து இறங்குகிற ஆட்களெல்லாம் இந்த வழியாகத்தான் போக வேண்டும். அவர் இடது கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

சண்முகவடிவு படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, படியில் உட்கார்ந்து, அதே டின்னிலிருந்து அட்டைச் சவுக்காரத்தை எடுத்து முழங்கால்வரை பூசத் தொடங்கினாள்.

"இந்தா" என்றார் அவர். "இந்தப் பக்கத்த யாரு வழிக்கிறது?"

அவள் இரண்டு காலையும் பூசி முடித்து, டின்னைத் தாவாரத்தில் வைத்துவிட்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டாள்.

"பேசத் தெரியுதுல்ல," என்றாள். "யாரையாச்சும் கூப்புட்டுக் கேளுங்க."